அடுத்த ஊர் மணல்

புதுச்சேரிக்காரர் ஒருவரிடம் கடற்கரையைப் பற்றிக் கேட்டால் பதிலிலேயே அவருடைய வயது தெரிந்துவிடும். ஐம்பதைத் தாண்டியவர் மணலைச் சொல்வார். மாலையில் அகலமான மணலில் உட்கார்ந்தது, அலை வரைக்கும் நடந்துபோனது, கட்டுமரங்கள் கரையேறிக் கிடந்தது எல்லாம் அவர் பேச்சில் வரும். முப்பதுக்குள் இருப்பவர் கருங்கல்லைச் சொல்வார். சாலை, சாலைக்கு அப்பால் பாறைக் குவியல், பாறையில் மோதும் தண்ணீர். அவர் பிறந்த நாளிலிருந்து அதுதான் கடற்கரை. ஒரே ஊரில் ஒரே இடத்தில் நின்று கடலைப் பார்த்த இரண்டு தலைமுறைகளுக்கு நடுவில் ஒரு கடற்கரை காணாமல் போயிருக்கிறது.

அது போன கதையில் மர்மம் எதுவும் இல்லை. ஆண்டு தெரியும், காரணம் தெரியும், அந்தக் காரணம் நடப்பதற்கு நூறு வருடங்களுக்கு முன்பே அது என்ன செய்யும் என்பதும் தெரிந்திருந்தது. இதைச் சொல்லும்போதுதான் மனம் கனக்கிறது.

ஆனால் நான் பேச வந்தது நகரத்தைப் பற்றி அல்ல. நகரத்துக்குக் கல் கிடைத்தது, பிறகு கொஞ்சம் மணலும் திரும்பக் கிடைத்தது. நகரத்தின் வடக்கு எல்லையைத் தாண்டினால் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கோட்டக்குப்பம் வருகிறது. 2021இல் நகராட்சியான சிறு ஊர். அதைத் தொடர்ந்து நடுக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு என்று மீனவக் குப்பங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வடக்கே போகின்றன. இந்த ஊர்களுக்கு நடந்தது நம் கரையோரச் சிற்றூர் எதற்கும் நடக்கலாம். சில ஊர்களில் இப்போதே தொடங்கிவிட்டது.

முதலில் மணலைப் புரிந்துகொள்ள வேண்டும். கடற்கரை மணல் ஓரிடத்தில் கிடக்கும் பொருள் போலத் தோன்றும். உண்மையில் அது வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கிறது. அலை கரைக்கு நேராக வருவதில்லை, சாய்ந்து வருகிறது. ஏறும்போது மணலைச் சாய்வாகத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. வடியும்போது சரிவின் வழியே நேராக இறங்குகிறது. இப்படி ரம்பத்தின் பல்லைப் போல ஏறி இறங்கி ஒவ்வொரு மணல் துகளும் கரையோரமாகவே நடந்துபோகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களையும் உள்ளிட்டு ஆண்டின் பெரும்பகுதி இந்த நடை தெற்கிலிருந்து வடக்கே. வாடைக் காற்று அடிக்கும் சில மாதங்களில் மட்டும் வடக்கிலிருந்து தெற்கே. சென்னைப் பக்கத்து மீனவர்கள் தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்துக்குத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து வருவதற்கு வண்ணி என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது வடக்கு நோக்கிய ஓட்டம்தான். புதுச்சேரிக் கரையில் இதன் அளவைப் பல மதிப்பீடுகள் ஆண்டுக்கு 5 லட்சம் கன மீட்டரை ஒட்டிச் சொல்கின்றன. ஒரு லாரியில் 10 கன மீட்டர் ஏற்றினால் 50,000 லாரி. நாள் தவறாமல் 130க்கு மேற்பட்ட லாரி மணல், சத்தமில்லாமல், டீசல் இல்லாமல், ஓர் ஊரின் முன்னால் வந்து அடுத்த ஊருக்குப் போகிறது.

ஆகவே கோட்டக்குப்பத்து மணல் கோட்டக்குப்பத்தில் பிறந்ததல்ல. தெற்கே தென்பெண்ணை போன்ற ஆறுகள் கொண்டுவந்து கடலில் சேர்த்தது, வீராம்பட்டினம் வழியாக நடந்தது, நகரத்தின் முன்னால் நடந்தது, பிறகு இங்கே வந்தது. ஒவ்வோர் ஊரும் தெற்கே இருக்கும் ஊரிடமிருந்து வாங்கி வடக்கே இருக்கும் ஊருக்குக் கொடுக்கிறது. நடுவில் ஒருவர் வழியை அடைத்தால் வாங்கியவரிடம் மணல் குவியும். கொடுக்கப்பட வேண்டியவர் வீட்டு வாசல் கரையும்.

1986க்கும் 1989க்கும் நடுவில் வழி அடைபட்டது. நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் புதிய துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். தெற்குச் சுவரில் மணல் முட்டி நின்றது. வீராம்பட்டினம் பக்கம் கரை அகன்றது. வடக்கே நகரத்தின் முன்னாலிருந்த மணல் வழக்கம்போல வடக்கே போய்க்கொண்டே இருந்தது. ஈடு செய்யத் தெற்கிலிருந்து வரவேண்டியது வரவில்லை. சில ஆண்டுகளில் கடற்கரை போயிற்று.

துறைமுகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. புதுச்சேரி பல நூற்றாண்டுகளாகத் துறைமுக ஊர். கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், படகுகள் சரக்கை ஏற்றி இறக்கும். 1866இல் பிரெஞ்சுக்காரர்கள் கடலுக்குள் ஒரு பாலம் கட்டினார்கள். 1952 புயல் அதை அழித்த பிறகு, 1960களின் தொடக்கத்தில் தெற்கே புதிய பாலம் வந்தது. அது 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது. இந்த இரண்டு பாலங்களும் கடற்கரையைத் தின்னவில்லை. ஏன்? அவை தூண்களின் மேல் நின்றன. தூண்களுக்கு இடையே அலை போயிற்று, அலையோடு மணலும் போயிற்று. மணலை நிறுத்தியது தரையிலிருந்து எழுந்து இடைவெளியில்லாமல் நீண்ட கல் சுவர்தான். ஊரில் துறைமுகம் வருகிறது, பாலம் வருகிறது, தடுப்பு வருகிறது என்று யார் வந்து சொன்னாலும், அடியில் மணல் போக வழியுண்டா என்பதை முதலில் கேட்க வேண்டும்.

சுவர் கட்டினால் இப்படித்தான் ஆகும் என்று யாருக்கும் தெரியாதா? சென்னைக்குத் தெரியும். அங்கே 1876இல் துறைமுகச் சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். தெற்குப் பக்கத்தில் மணல் சேர்ந்து சேர்ந்துதான் இன்று நாம் பெருமையோடு உலகுக்குக் காட்டும் அகலமான மெரினா உருவாயிற்று. அதே ஆண்டுகளில் வடக்கே ராயபுரம் கரைய ஆரம்பித்தது, கரைப்பு காசிமேடு, திருவொற்றியூர் என்று ஏறிப்போயிற்று. மெரினாவில் மாலை நேரத்தில் நாம் கால் வைக்கும் மணலில் ஒரு பகுதி வடசென்னைக்குப் போயிருக்க வேண்டியது. பொறியியல் பாடத்திட்டத்தில் உதாரணமாகச் சொல்லப்படும் செய்தி இது. புதுச்சேரி இருப்பது அங்கிருந்து 150 கிலோமீட்டர் தெற்கில்தான்.

புதுச்சேரித் துறைமுகத்தை வரைந்தவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. தெற்கே சேரும் மணலை வாரி, முகத்துவாரத்தைக் கடத்தி வடக்கே கொட்டும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. அந்த வேலை ஆண்டுதோறும், துறைமுகம் இருக்கும் காலம் முழுக்க நடந்தாக வேண்டும். சுவர் கட்டுவது ஒருமுறைச் செலவு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. மணல் வாரிக் கொட்டுவது முடிவில்லாத செலவு, அதற்கு விழாவும் கிடையாது, கல்வெட்டும் கிடையாது. முதலாவது நடந்தது. இரண்டாவது தொடர்ந்து நடக்கவில்லை. இந்தியக் கடற்கரையில் பல இடங்களில் கரைப்பின் கதையை விசாரித்தால் இந்த இரண்டு வாக்கியங்களில் வந்து நிற்கும்.

மணல் போனதும் கல் வந்தது. நகரத்தின் முன்னால் லாரி லாரியாகப் பாறைகளைக் கொட்டினார்கள். 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தபோது சுற்றுவட்டக் குப்பங்கள் அடிபட்டன. உயர்ந்த சுவரும் பாறையும் இருந்த நகரக் கரையில் அழிவு குறைவு. அந்த ஒரு நாள் கல்லுக்கு நிரந்தரமான நற்பெயரை வாங்கிக் கொடுத்தது. அதற்குப் பிறகு எந்தக் குப்பத்தில் அலை வீட்டுத் திண்ணையைத் தொட்டாலும் மக்கள் கேட்பது ஒன்றுதான்: எங்களுக்கும் கல் போடுங்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். இரவில் அலைச் சத்தம் படுக்கைக்குப் பக்கத்தில் கேட்கும்போது மணலின் நடையைப் பற்றி யாரும் யோசிக்க மாட்டார்கள்.

ஆனால் கல் என்ன செய்கிறது என்பதை அவர்களிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும். மணல் கரையில் ஏறும் அலை சரிவில் ஓடி, மணலுக்குள் இறங்கி, வேகம் இழந்து திரும்புகிறது. கல்லில் மோதும் அலை அந்த அளவு வேகம் இழக்காமல் திரும்புகிறது. திரும்பும்போது கல்லின் அடியில் இருக்கும் மணலைத் தோண்டிக்கொண்டு போகிறது. அடி ஆழமாகிறது. ஆழமான தண்ணீரில் இன்னும் பெரிய அலை கரையை நெருங்க முடியும். கல் சரிந்து புதைகிறது, மேலும் கல் கொட்டுகிறார்கள். சுவர் முடியும் இடத்தில் என்ன நடக்கிறது என்பது இன்னும் மோசம். அங்கே அலை சுவரின் ஓரத்தைச் சுற்றி உள்ளே புகுந்து பக்கவாட்டில் அரிக்கிறது. எனவே சுவரை நீட்ட வேண்டும். நீட்டிய இடத்தின் முனையில் மறுபடியும் அதே அரிப்பு. அந்த முனை எப்போதும் ஏதோ ஓர் ஊரின் தெற்கெல்லையில்தான் இருக்கும்.

புதுச்சேரிக் கரைப்பு இப்படித்தான் வடக்கே நடந்தது. நகரம், குருசுகுப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர், பிறகு மாநில எல்லை, பிறகு கோட்டக்குப்பம். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு போட்ட இடங்களில் இரண்டு வளைவுகளுக்கு நடுவே கொஞ்சம் மணல் தங்கியது. தந்திராயன்குப்பத்தில் வெளியூர்க்காரர்கள் வந்து அலைச்சறுக்கு ஆடுவதைப் பார்க்கலாம். அந்த மணல் அங்கே தங்கியதால் அதற்கு அடுத்த ஊருக்குப் போகவேண்டியதில் அவ்வளவு குறைந்தது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது, பிள்ளைச்சாவடியில் கடலோர வீடுகள் சரிந்து விழுந்தன. புயல் அந்த வீடுகளைத் தள்ளியது உண்மை. முப்பது ஆண்டுகளாக மணல் வராததால் அவை விளிம்பில் நின்றுகொண்டிருந்தன என்பதும் உண்மை.

இதில் எல்லைச் சிக்கலும் உண்டு. துறைமுகம் புதுச்சேரி அரசினுடையது. கோட்டக்குப்பம் முதல் பொம்மையார்பாளையம் வரை தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். அதற்கும் வடக்கே பிள்ளைச்சாவடியும் காலாப்பட்டும் மறுபடி புதுச்சேரி. மணல் எந்த எல்லையையும் பார்த்து நிற்காது. நிவாரணக் கோப்பு ஒவ்வோர் எல்லையிலும் நின்றுவிடும்.

கடற்கரை போனால் ஒரு குப்பத்தில் என்ன போகிறது என்பதை வெளியிலிருந்து வருபவர்கள் சரியாகக் கணக்கிடுவதில்லை. அழகு போயிற்று, சுற்றுலா போயிற்று என்று எழுதுகிறார்கள். குப்பத்துக்குக் கடற்கரை என்பது தொழிற்கூடம், சந்தை, களம், கொட்டகை, நாற்சந்தி எல்லாம் சேர்ந்தது. பைபர் படகை இழுத்து நிறுத்துவது அங்கே. வலையை விரித்துப் பொத்தல் தைப்பது அங்கே. மீன் ஏலம் அங்கே. கருவாடு காய்வது அங்கே. கரைவலை என்ற பெரிய வலையை இழுக்க இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று பின்னால் நடக்க வேண்டும். அதற்கு நீளமும் அகலமுமான வெறும் மணல் வேண்டும். ஆழ்கடலுக்குப் போக உடம்பில் வலு இல்லாத வயதானவர்களும் கரைவலையில் கை கொடுத்துப் பங்கு வாங்கலாம். மணல் போன இடத்தில் கரைவலை போகும். முதலில் வருமானத்தை இழப்பவர் ஊரிலேயே எளியவர்.

படகு நிறுத்த இடமில்லாதவர்கள் பக்கத்து ஊர்க் கரையில் நிறுத்தக் கேட்க வேண்டியிருக்கிறது, அல்லது துறைமுகம் வரை கொண்டுபோக வேண்டியிருக்கிறது. பக்கத்து ஊருக்கே இடம் குறையும்போது அந்த வேண்டுகோள் வாய்ச் சண்டையாகிறது. மீன் தொலைவில் இறங்குவதால் கூடை சுமக்கும் பெண்களுக்கு ஆட்டோ வாடகை சேர்கிறது. கருவாட்டைத் தார்ச் சாலை ஓரத்தில் காயப்போடுகிறார்கள். பங்குனிக்குள் முட்டையிட வரும் கடலாமைக்கும் மணல் வேண்டும். பாறைக் குவியலில் அதனால் ஏற முடியாது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் போகிறது. அதைப் பற்றித்தான் கரையோர ஊர்களில் யாரும் போதிய அளவு பேசுவதில்லை. குடிநீர்.

கடற்கரை மணலில் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுவதைக் கரையோரப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பத்தடி தள்ளி உப்புக் கடல், இங்கே இனிப்பான ஊற்று. மழைநீர் மணல் மேட்டுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 40இல் ஒரு பங்கு கனம் கூடியது. அதனால் நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், கணக்குப்படி கீழே 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும். நெதர்லாந்துக்காரர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மானியர் ஒருவர் 1901இலும் தனித்தனியே இந்தக் கணக்கைக் கண்டுசொன்னார்கள்.

கேட்க மகிழ்ச்சியான கணக்கு. திருப்பிப் பார்த்தால் அச்சம் தரும். மோட்டார் வைத்து உறிஞ்சியோ, மணல் மேட்டைச் சமன்செய்து விடுதி கட்டியோ நன்னீர் மட்டத்தை ஓர் அடி இறக்கினால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏற வழி கிடைக்கிறது. உடனே ஏறாது. சில ஆண்டுகள் எடுக்கும். அதனால்தான் யாரும் காரணத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. முதலில் கோடையில் மட்டும் தண்ணீர் சவர்ப்பு என்பார்கள். பிறகு தென்னையில் குரும்பை உதிரும். பிறகு சமையலுக்குக் கேன் தண்ணீர். கடல் 50 மீட்டர் உள்ளே வந்த ஊரில், நிலத்துக்கு அடியில் இருக்கும் உப்புக் கோடும் உள்ளே நகர்ந்திருக்கிறது. மேலே இருக்கும் கோட்டை எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். கீழே நகர்வதைக் கிணறு மட்டும்தான் சொல்லும். உப்பேறிய நிலத்தடி நீரை மீட்பது மனிதர்களின் வாழ்நாளுக்குள் முடிகிற காரியமாகப் பெரும்பாலும் இருப்பதில்லை.

உலகம் முழுக்கக் கடல் மட்டம் உயர்கிறதே, அதற்கு நாம் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. உயர்வது உண்மை. இப்போது ஆண்டுக்குச் சராசரியாக 3 முதல் 4 மில்லிமீட்டர் உயர்கிறது, வேகமும் கூடிவருகிறது. வரும் தலைமுறைக்கு இதுவே பெரிய ஆபத்து. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஓர் ஊர்க் கடற்கரை முழுவதும் மறைந்ததற்கும், அதே ஆண்டுகளில் சுவருக்குத் தெற்கே கரை அகன்றதற்கும் அந்த மில்லிமீட்டர்கள் விளக்கம் ஆகா. கடல் மட்டம் உயர்ந்தால் சுவரின் இரண்டு பக்கமும்தான் உயரும். தெற்கே வளர்ந்து வடக்கே கரைந்தால் காரணம் நடுவில் நிற்கிறது. பருவநிலையைக் காட்டி இந்தப் பொறுப்பிலிருந்து தப்பிக்க யாரையும் விடக்கூடாது.

அதே நேரம் எல்லாக் கரைப்பும் மனிதன் செய்தது என்றும் சொல்ல மாட்டேன். தரங்கம்பாடியில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டது. 1620இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய அந்தக் கரையில், நவீன அலைத்தடுப்புச் சுவர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கடல் முன்னேறி வந்திருக்கிறது. கரை இயல்பாகவே அசைவது. ஐப்பசி, கார்த்திகையில் பெரிய அலைகள் மணலை இழுத்துக்கொண்டுபோய்க் கொஞ்ச தூரத்தில் கடலுக்குள் மேடாக வைக்கும். அந்த மேட்டில் அடுத்த அலைகள் உடைந்து கரை தப்பிக்கும். மாசி, பங்குனியில் மென்மையான அலைகள் அதே மணலைத் திரும்பக் கொண்டுவந்து போடும். இந்தப் போக்குவரத்துக்கு இடம் விட்டுத்தான் முன்னோர் குப்பத்தைத் தள்ளி வைத்தார்கள். 1981இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதி, அலை ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குக் கட்டடம் வராமல் காக்கச் சொன்னார். 1991இல் அது கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையாக வந்தது. அதன்பின் வந்த திருத்தங்களும் புதிய அறிவிக்கைகளும் அந்த இடைவெளியைப் பல இடங்களில் சுருக்கின.

சரிசெய்ய வழியில்லை என்பதும் பொய். விசாகப்பட்டினத்தில் 1933இல் துறைமுகம் திறந்தபோதே அங்கிருந்த பொறியாளர்கள் மணல் நடையைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பழைய கப்பல்களை மூழ்கடித்து அலைத்தடுப்பாக்கி, அதன் மறைவில் மணல் சேர வைத்து, சேர்ந்ததை வாரி வடக்கே நகரக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். தூர்வாரும் வேலை சுணங்கிய காலங்களில் அந்தக் கடற்கரை மெலிந்ததையும் அந்த ஊர் பார்த்திருக்கிறது. புதுச்சேரியிலேயே 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்தது. முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். சில மாதங்களில் நகரத்தின் முன்னால் மணல் திரும்பியது. முப்பது ஆண்டுகள் கல்லை மட்டும் பார்த்த ஊரில் பிள்ளைகள் மணலில் ஓடினார்கள். நானும் மகிழ்ந்தேன்.

மகிழ்ச்சியோடு ஒன்றையும் சொல்ல வேண்டும். நகரத்தின் முன்னால் தங்கும் மணல், மேலும் மணல் வந்து சேராவிட்டால், கோட்டக்குப்பத்துக்குப் போகாது. தெற்கே தேங்குவதை வாரி வடக்கே விடும் வேலை நிற்காமல் நடந்தால்தான் திட்டையும் பயன்படும், வடக்குக் குப்பங்களும் பிழைக்கும். திட்டை ஒரு கருவி. உயிர் அந்த அன்றாட மணலில் இருக்கிறது.

இந்தக் கதை புதுச்சேரியோடு முடிவதில்லை. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த கணிப்பில் இந்தியக் கடற்கரையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவருகிறது. தமிழ்நாட்டில் அது 40 விழுக்காட்டுக்கு மேல். எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகு அவற்றுக்கு வடக்கே பழவேற்காட்டை நோக்கிக் கரை மெலிகிறது. ஆறுகளிலிருந்து வரும் மணலும் குறைந்துவிட்டது. தென்பெண்ணையில் 1958 முதல் சாத்தனூர் அணை நிற்கிறது, அதற்குக் கீழே ஆற்று மணலை அள்ளிக் கட்டடங்களாக்கிவிட்டோம். கடலுக்கு வரும் கையிருப்பே குறைந்திருக்கும்போது, கரையில் ஒவ்வோர் ஊரும் தனக்கென ஒரு தூண்டில் வளைவு கேட்கிறது, தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதியும் கிடைக்கிறது. மீன்பிடித் துறைமுகமும் இறங்குதளமும் மீனவர்களுக்கு வேண்டியவை, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வளைவையும் தனி வேலையாகப் பிரித்து ஒப்பந்தம் விட்டால், பத்து வளைவுகள் சேர்ந்து ஒரு கரையை என்ன செய்யும் என்று பார்க்க ஆளே இருக்காது.

உங்கள் ஊருக்கும் ஒருநாள் வரைபடத்தோடு ஆட்கள் வருவார்கள். அவர்களிடம் சுவரின் உயரத்தையும் மதிப்பீட்டுத் தொகையையும் கேட்பதற்கு முன்னால் மணல் கணக்கைக் கேளுங்கள். தேங்கும் மணலை யார் வாரி அடுத்த பக்கம் போடுவார், எத்தனை ஆண்டுகளுக்கு, அந்தப் பணம் எந்தக் கணக்கில் ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஓர் ஆண்டு வாராவிட்டால் யார் பதில் சொல்வார் என்று கேளுங்கள். வாய்மொழியாக வேண்டாம், எழுத்தில் வேண்டும். வரைபடம் உங்கள் ஊர் எல்லையோடு முடிந்தால் அந்த வரைபடம் போதாது; வடக்கே பத்து ஊரும் அதில் இருக்க வேண்டும்.

வடக்கே இருக்கும் ஊர்களுக்கு இன்னும் அவசரமாக ஒன்று. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி துறைமுகம் போன்ற பெரிய திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு உண்டு. அதற்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்பு வரவேண்டும், அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். திட்டம் உங்கள் ஊரில் இல்லையே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். தெற்கே கட்டுவதன் விளைவு உங்கள் வாசலில்தான் தெரியப்போகிறது. போய்ப் பேசுங்கள், எழுதிக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குச் சான்று வாங்குங்கள்.

வெறுங்கையோடு போகாதீர்கள். கோயில் சுவர், விளக்குக் கம்பம், பள்ளிக்கூடத்து மூலை என்று அசையாத ஓரிடத்திலிருந்து அலை ஏறும் கோடு வரைக்கும் உங்கள் கரையின் அகலத்தைச் சித்திரையில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை நாடாவால் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். சித்திரையைச் சித்திரையோடும் மார்கழியை மார்கழியோடும் ஒப்பிடுங்கள். ஊர்ப் பொதுக்கிணற்றுத் தண்ணீரின் உப்பையும் அதே நாளில் சோதித்துப் பக்கத்திலேயே எழுதுங்கள். ஐந்தாண்டு அளவு உங்கள் கையில் இருந்தால், உங்கள் ஊரில் கரை கரையவில்லை என்று யாரும் உங்களிடம் சொல்ல முடியாது. இந்தச் சித்திரையிலேயே தொடங்குங்கள்.